அவருக்குத் தெரியாது

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நீங்களும் அக்காவும் நலம்தானே? எத்தனை முறை கூப்பிட்டாலும் நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அவரை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். காயமெல்லாம் ஆறிவிட்டது. ஆள்தான் வேறு யாரோ மாதிரி இருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிலிண்டர் லாரி ஓட்டுகிறவர், இப்போது தெருவில் ஹாரன் அடித்தாலே எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிறார். சின்னவள் மடியில் ஏறினால், "என்னை நம்பாத பாப்பா" என்று இறக்கிவிடுகிறார்.

வண்டி எப்படி நடைபாதையில் ஏறியது என்று அவருக்கு நினைவே இல்லை. சிக்னலைத் தாண்டியது தெரியுமாம். அப்புறம் தெரிந்தது ஆஸ்பத்திரி விளக்குதானாம். இடையில் ஒரு பேக்கரிக்காரர் உயிர் போய்விட்டது. கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவருக்குத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லை. இவர் குடித்திருக்கவில்லை என்று பரிசோதனையில் வந்துவிட்டதால், தூங்கிவிட்டார் என்று போலீஸ் எழுதியிருக்கிறது. அவரும் அதையே நம்புகிறார். "நான்தான் தூங்கியிருக்கேன். ஒத்துக்கிட்டு உள்ள போயிடறேன்" என்கிறார். அடுத்த வாய்தாவில் அப்படியே சொல்லவும் போகிறார்.

போன வாய்தாவின்போது பேக்கரிக்காரர் மனைவி கோர்ட் வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். "ஏன் இப்படி ஆச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. அது தெரியாம என்னால தூங்க முடியல" என்றார். எனக்குத் தெரியும் மாமா. தெரிந்தும் வாய் வரவில்லை.

விபத்து நடந்த அன்று போனில் பதறிப்போய், "சின்ன வயசுல வந்த வலிப்பு திரும்பவும் வந்துடுச்சா?" என்று கேட்டீர்கள். கேட்ட வேகத்தில் பேச்சையும் மாற்றினீர்கள். அதை வக்கீலிடம் சொன்னேன். "நோய் இருக்குன்னு தெரிஞ்சே ஓட்டியிருந்தா குத்தம். தெரியாம இருந்து திடீர்னு வந்திருந்தா சட்டம் வேற மாதிரி பார்க்கும். ஆனா அவருக்குத் தெரியாதுன்னு நீங்க சொன்னா எடுபடாதும்மா. மறைச்சு வளர்த்தவங்க வந்து சொல்லணும்" என்றார். இப்போது எடுத்த பரிசோதனையில் ஒன்றும் பிடிபடவில்லை, பழைய விவரம் வேண்டும் என்று டாக்டரும் சொல்கிறார். மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் நீங்கள் ஒருவர்தான்.

அவரிடமும் சொல்லிப் பார்த்தேன். "எங்க அண்ணன் என்கிட்ட எதையும் மறைக்க மாட்டான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

உங்கள் வீட்டில் நம் பெண்ணுக்கு வரன் கூடிவருகிற நேரம், இது வெளியே வரக் கூடாது என்று அக்கா சொல்லியனுப்பியதும் எனக்குப் புரியாமல் இல்லை. நானும் இரண்டு பெண்களைப் பெற்றவள். உங்கள் மேல் கோபம் இல்லை என்று எழுதப் பார்த்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. காலில் விழச் சொன்னால் விழுகிறேன், மாமா. வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது அவரை விடுவிக்குமா என்று வக்கீலுக்கே உறுதியில்லை. ஆனால் தூங்கிக் கொன்றவன் என்ற நினைப்போடு அவர் உள்ளே போனால், திரும்பி வரமாட்டார்.

வாய்தா திங்கட்கிழமை காலை. நீங்கள் வருவீர்கள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

நம் பெண்ணுக்கு நல்லபடியாகக் கல்யாணம் நடக்கட்டும். அவளிடம் எதையும் ஒளிக்காத ஒருவன் கிடைக்கட்டும். சித்தி மனதார வாழ்த்தினாள் என்று அவளிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
இன்னமும் உங்களை நம்பிக்கொண்டிருக்கும் தம்பியின் மனைவி