ஒற்றனுக்கும் அத்தைக்கும் தெரியாமல்

மார்ச் 3
இன்று அலுவலகத்தில் மானம் போயிற்று. மருத்துவமனைக்காக நான் கட்டிய மெய்நிகர் கணினியின் நினைவகம் முழுக்கக் குறியாக்கம். அதை வாடகை சர்வரில் குடிவைத்து நடத்தும் ஹைப்பர்வைசர் என்ற மேற்பார்வை மென்பொருளால் ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாது என்று மார்தட்டியிருந்தேன். ஹைப்பர்வைசர் பக்கம் உட்கார்ந்து வேவு பார்ப்பவன் எங்கள் சோதனைக்காரன். பட்டப்பெயர் ஒற்றன். பொய் நோயாளிகள் சிலரின் முடிவுகளை ஓடவிட்டேன்.

"மூணாவது ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நோய் இருக்கு. சரியா?"

சரி. பாவி!

"எப்படிடா படிச்சே?"

"படிக்கலையே. நோய் இருந்தா மட்டும் உன் புரோகிராம் நினைவகத்துல இன்னொரு பக்கத்தைக் கேக்குது. கேட்டா நான்தானே எடுத்துக் கொடுக்கணும்?"

மாதக் கடைசிக்குள் இதை அடைக்காவிட்டால் மருத்துவமனை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும் என்றார் மேலாளர்.

மார்ச் 4
வீட்டிலும் ஒரு ஹைப்பர்வைசர் உண்டு. மாமியார். காபி முதல் துண்டு வரை எல்லாம் அத்தை கையால்தான் வர வேண்டும். நான் உண்டாகியிருப்பது கணவருக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரியும். ரிப்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கிறேன். பூட்டி என்ன பிரயோசனம்? தினமும் காபி வேண்டாம் என்கிறேனே!

ஸ்கேன் முடியும்வரை சொல்லக் கூடாது. போன தடவை ஊருக்கெல்லாம் சந்தோஷமாகச் சொன்னது அத்தைதான். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "இல்லைன்னு ஆயிடுச்சு" என்று சொன்னதும் அவர்தான். மறுபடி அவரை அந்தப் போனோடு உட்கார வைக்க எனக்குத் தெம்பில்லை.

மார்ச் 6
வழி கிடைத்தது! நோய் இருக்கிறதோ இல்லையோ, யாராக இருந்தாலும் எல்லாப் பக்கத்தையும் ஒரே வரிசையில் தொட வேண்டும். வீட்டிலும் அதேதான். காபியை வாங்கு, அறைக்குள் கொண்டுபோ, இவர் குடிக்கட்டும்.

மார்ச் 9
இவருக்கு இரட்டைக் காபியில் கண் பிதுங்குகிறது. "இன்னும் எத்தனை நாளைக்கு?" என்கிறார். பாவம்.

மார்ச் 12
அத்தை மேல் அலமாரி டப்பாக்களையெல்லாம் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டார். தோள்பட்டை வலியாம், கையைத் தூக்கவே முடியவில்லையாம். எனக்கு உப்பு எங்கே, சர்க்கரை எங்கே என்று புரியவில்லை. தைலம் தேய்த்துவிடட்டுமா என்றேன். அவசர அவசரமாக வேண்டாம் என்றார்.

மார்ச் 20
புரோகிராம் ஆமையாகிவிட்டது என்று மேலாளர் சிடுசிடுத்தார். வேண்டாத பக்கத்தையெல்லாம் தொட்டால் மெதுவாகாதா? இவரும் சிடுசிடுக்கிறார். ரகசியம் என்றால் சும்மாவா?

மார்ச் 27
ஒற்றன் நாள் முழுக்கத் திரையை முறைத்தான். "யாருக்கு நோய்?" என்றேன். "எனக்குத்தான். தலைவலி," என்று எழுந்து போய்விட்டான். மருத்துவமனை சரி என்றுவிட்டது.

மார்ச் 28
ஸ்கேன். துடிப்பு கேட்டது. இவர் அழுதார். அதைப் பார்த்துச் சிரித்தேன், அப்புறம் நானும் அழுதேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னோம்.

"அப்படியா! எனக்குத் தெரியவே தெரியாதே!" என்று கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

ஒற்றனையும் ஜெயித்தேன், அத்தையையும் ஜெயித்தேன். ஒரே வாரம்!

மார்ச் 29
காலையில் எழுந்து வந்தால் அத்தை நாற்காலிமேல் நின்று மின்விசிறியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு கையும் தலைக்கு மேலே.

"அத்தை... தோள்பட்டை வலி?"

"அதுவா? நேத்தே போயிடுச்சு. நீ எதுக்கும் எக்கி எடுக்காதே, எல்லாம் கீழ்த்தட்டுலயே இருக்கட்டும். மேசையில பால் வெச்சிருக்கேன். அவனுக்கு இனிமே ஒரு காபி போதும்."