காரணம் நேரில் சொல்லப்பட்டது

மார்ச் 4

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

அப்பா போய் இன்றோடு பதினெட்டு நாள். அன்றைக்கு நீ வந்து கடைசிவரை கூடவே நின்றதற்கு நன்றிகூடச் சொல்லவில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள். “கிளட்ச மிதிக்கச் சொன்னா எறும்ப மிதிக்கிற மாதிரி மிதிக்குது இந்தப் பொண்ணு” என்று உன்னைப் பற்றி அவர் சொன்னதை நீ போன பிறகு எல்லோரிடமும் சொன்னேன். அந்த வீட்டில் அன்று ஒரு நிமிடம் சிரிப்புச் சத்தம் கேட்டது என்றால் அது உன் புண்ணியம்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அவர் சட்டைகளை எடுத்து மடித்தபோது ஒரு பையில் உன் அலுவலக அட்டை இருந்தது. பின்பக்கம் அவர் கையெழுத்தில் மூன்று தேதிகள், மூன்றும் போன ஜூன் மாதம். கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் உன் ஊருக்கு வந்த நாட்கள். கடைசித் தேதிக்கு நான்காம் நாள் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது.

உன்னிடம்தான் வந்திருக்கிறார். நீ மூச்சுக்கூட விடவில்லை. சரி, உன் தொழில் அப்படி. இப்போதாவது சொல்லேன். உயில் எழுதினாரா? என்ன எழுதினார்? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

உன்,
சோடாபுட்டி

மார்ச் 9

பிரியமுள்ள சோடாபுட்டிக்கு,

வேலைக்குத் திரும்பிவிட்டாயா? போய்விடு. வீட்டில் தனியாக உட்கார்ந்து சட்டை மடித்துக்கொண்டிருந்தால் மனசு எங்கெங்கோ போகும்.

நீ கேட்டதற்கு நான் பதில் சொல்ல முடியாது. என்னிடம் ஒருவர் வந்தாரா இல்லையா என்பதைக்கூடச் சொல்லக் கூடாது. ஆள் இருக்கும்போது இந்தக் கட்டுப்பாடு எப்படியோ, இறந்த பிறகும் அப்படியேதான். உயிலை நிறைவேற்றும் பொறுப்பை அவர் யாரிடம் கொடுத்திருக்கிறாரோ அவர் கைக்கு அந்த ரகசியமும் போய்ச் சேரும். மகள், மகன் என்ற உறவு மட்டும் போதாது. உயில் என்று ஒன்று இருந்தால் நிறைவேற்றுபவரே உனக்குத் தகவல் சொல்வார்.

கோபப்படாதே. உன் எதிர்வீட்டுப் பெண்ணின் ரத்தப் பரிசோதனை முடிவு உன் மேசைக்கு வந்தபோது, அவள் மாமியார் உன் பரிசோதனைக்கூட வாசலில் நின்று கேட்டாளே, நீ என்ன சொன்னாய்? “மெஷின் ரிப்பேர்.” எனக்கு அந்தச் சலுகையும் இல்லை. பொய் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கியவளுக்கு எப்படிப்பட்ட பிழைப்பு வந்து வாய்த்திருக்கிறது பார்.

உனக்குச் சந்தேகம் எதுவும் இருந்தால் உன் ஊரிலேயே வேறு ஒரு வக்கீலைப் பார். அதுதான் உனக்கு நல்லது.

உன்,
முந்திரிக்கொட்டை

மார்ச் 30

வழக்கறிஞர் அவர்களுக்கு,

உயில் வந்துவிட்டது. நிறைவேற்றுபவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். என் தம்பி. நகலைத் தபாலில் அனுப்பியிருக்கிறான், கூட ஒரு வரி இல்லை.

வீடு முழுவதும் அவனுக்கு. மற்றதெல்லாம் எனக்கு. வீடு போகட்டும், நான் வாடகைக்குப் போய்க்கொள்வேன். வீட்டைப் பற்றிய பத்திக்குக் கீழே ஒரு வரி இருக்கிறது: “இதற்கான காரணத்தை என் மகளிடம் நேரில் சொல்லியிருக்கிறேன்.”

அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூட இல்லை.

பத்தொன்பது வயதில் அப்பாவின் பயிற்சிக் காரை ஓட்டிக்கொண்டு போய், சைக்கிளில் வந்த ஒருவரை இடித்துவிட்டுச் சுவரில் மோதியவன் என் தம்பி. சைக்கிள்காரருக்குக் கால் முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு இடுப்பெலும்பு போனது. மூன்று மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தவன் நேரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அம்மா பதினெட்டு வருடம் கம்பு ஊன்றி நடந்தாள். குளிக்க வைத்தது நான், உடுத்திவிட்டது நான். அவள் இறந்த அன்று வந்தவனை வாசலோடு நிறுத்தித் திருப்பி அனுப்பியவளும் நான்தான். கடைசியில் ஏழு மாதம் அப்பாவுக்கு வாயில் ஊட்டினேன்.

அப்படியானால் அந்தக் காரணம் என்ன? நான் என்ன தப்பு செய்தேன்? நீ எழுதிக்கொடுக்க வேண்டாம். நான் ஒவ்வொன்றாகக் கேட்கிறேன், ஆம், இல்லை என்று மட்டும் சொல். அதுகூட முடியாது என்றால் உன் மேல் புகார் கொடுப்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

(கையொப்பம்)

ஏப்ரல் 5

பிரியமுள்ள சோடாபுட்டிக்கு,

நீ என்னை ‘வழக்கறிஞர் அவர்கள்’ என்று எழுதினாலும் நான் இப்படித்தான் எழுதுவேன். அதே கடிதத்தின் கடைசியில் நீயே ‘நீ’ என்று வந்துவிட்டாய், கவனித்தாயா?

ஆம் என்பதும் பதில்தான், இல்லை என்பதும் பதில்தான். முடியாது.

ஒரு வழி இருக்கிறது. உயிலை நிறைவேற்றுபவர் எழுத்தில் அனுமதி கொடுத்தால், இந்த உயில் சம்பந்தமாக என் அலமாரியில் இருக்கும் காகிதங்களை உனக்குக் காட்டலாம். அவர் அனுமதி கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேட்க வேண்டியவள் நீ. உன் தம்பியிடம் நீ பேசி எத்தனை வருடம் ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.

புகார் கொடுப்பது உன் உரிமை. பார் கவுன்சிலின் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மூன்று பிரதிகள் அனுப்பு. இரண்டு அனுப்பினால் திருப்பிவிடுவார்கள்.

இதற்கு மேலே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. நன்றாகவே அடித்திருக்கிறேன்.

உன்,
முந்திரிக்கொட்டை

ஏப்ரல் 22

வழக்கறிஞர் அவர்களுக்கு,

புகாரை அனுப்பிவிட்டேன். மூன்று பிரதிகள்.

பிறகு தம்பியின் பட்டறைக்குப் போனேன். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் பழுதுபார்க்கிறான். ஆள் உள்ளே நுழைய வழியில்லாமல் கதவு கழற்றிய ஃப்ரிட்ஜ்கள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தான். முன்மண்டை முழுக்க வழுக்கை. என்னைப் பார்த்ததும் எழுந்து, துணியில் கையைத் துடைத்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

“வீட்ட எப்ப காலி பண்ணணும்னு கேக்க வந்தியாக்கா? நான் உன்னப் போகச் சொல்லல.”

“அதுக்கு வரல. அப்பா எதுக்கு இப்படி எழுதினார்னு தெரியணும்.”

“அப்பாவே போயாச்சு. விட்டுடு.”

“உனக்குத் தெரியும்ல?”

ஒரு திருகாணியை எடுத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தெரிஞ்சா நீயே சொல்லு, அந்த வக்கீல் கையில கால்ல நான் விழ வேணாம்” என்றேன்.

“நான் சொன்னா நீ நம்ப மாட்ட.”

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னான். கிளம்பிப் படியிறங்கும்போது பின்னாலேயே வந்தான். “வக்கீல் அக்காகிட்ட என்ன எழுதிக் கொடுக்கணும்னு கேட்டு அனுப்பிடறேன். அவங்ககிட்ட இருக்கிற பேப்பரப் படி. படிச்சிட்டு வா.”

அவன் கடிதம் வந்தால் அந்தக் காகிதங்களை அனுப்பி வையுங்கள்.

(கையொப்பம்)

மே 3

பிரியமுள்ள சோடாபுட்டிக்கு,

உன் தம்பியின் அனுமதிக் கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. எழுதியது அவர்தான் என்று நேரில் வரவழைத்து உறுதிசெய்துகொண்டேன். இனி நான் பேசலாம்.

உன் அப்பா என்னிடம் மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதை அன்றன்றே குறித்து வைத்தேன். மூன்றின் நகல்களும் இதோடு இருக்கின்றன. உட்கார்ந்துகொண்டு படி. முக்கியமானது இரண்டாவது. அவர் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்:

“அன்னிக்கு வண்டிய ஓட்டினது நான்தாம்மா. காலையிலேர்ந்து ஆறு பேருக்குக் கிளாஸ். மத்தியானம் கண்ணு அசந்துடுச்சு. பையன் பின் சீட்டுல இருந்தான். கூட்டம் சேர்றதுக்குள்ள, ‘அப்பா, உங்க லைசன்ஸ் போச்சுன்னா வீடே போச்சு, நீங்க இந்தப் பக்கம் வாங்க’ன்னு அவனே கதவத் திறந்து என்ன இறக்கினான். நானும் இறங்கிட்டேன். அபராதம் போட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். மூணு மாசம் உள்ள போட்டாங்க. அப்புறம் சொல்லலாம் சொல்லலாம்னு இருபத்திரண்டு வருஷம். அவங்க அம்மாவுக்கும் தெரியும். நான்தான் சத்தியம் வாங்கி வச்சிருந்தேன். அந்த வீட்டுல அவன இருக்க விடாம பண்ணினது நான். வீட்டையாவது அவனுக்குக் குடுக்கறேன்.”

மூன்றாம் முறை வந்தபோது, உன்னிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லப்போகிறேன் என்றார். அப்படியானால் சொன்ன பிறகு அந்த வரியை எழுதலாம் என்றேன். “இல்லம்மா, இப்பவே எழுது. எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் நான் பின்வாங்க முடியாது” என்றார். எழுதினேன். நடக்காத ஒன்றை நடந்ததாக ஒரு உயிலில் எழுதியது என் பிழை. உன் புகாரில் இதைச் சேர்த்துக்கொள். நான் மறுக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அவருக்குப் பேச்சு போய்விட்டது. ஒரு முறை உன் வீட்டுக்கு வந்திருந்தபோது, நீ டீ போட உள்ளே போயிருந்தாய். குனிந்து, “நான் சொல்லட்டுமா மாமா?” என்று கேட்டேன். தலையை ஆட்டினார். வேண்டாம் என்றா, தானே சொல்வேன் என்றா, எனக்குப் புரியவில்லை. புரியாத தலையாட்டலை வைத்துக்கொண்டு நான் வாய் திறக்க முடியாது. திறந்திருக்கலாமோ என்று நினைக்காத வாரம் இல்லை.

உன்,
முந்திரிக்கொட்டை

மே 24

அன்புள்ள தோழிக்கு,

படித்தேன். மூன்று நாள் லீவு போட்டேன்.

அந்த ஏழு மாதமும் அப்பா இடது கையைத் தூக்கி, வளையம் பிடித்துத் திருப்புவது போலத் திருப்பிக் காட்டுவார். பிறகு அதே கையால் தன் நெஞ்சில் தட்டுவார். தினமும் காட்டுவார். வண்டியில் போக ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். ஒரு வாடகைக் கார் வைத்து, தலையணையெல்லாம் அடுக்கி, ஊரைச் சுற்றிக் காட்டி அழைத்து வந்தேன். வழி முழுக்க அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

நான்காம் நாள் தம்பியிடம் போனேன். வாசலிலேயே, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா” என்றேன்.

“சொன்னேனேக்கா. ஜெயிலுக்கு ஒரு தடவ பாக்க வந்தியே, அப்பச் சொன்னேன். ‘பண்ணினதும் இல்லாம அப்பா மேலயே பழி போடறியா’ன்னு எழுந்து போயிட்ட.”

போனது நினைவிருக்கிறது. அங்கே கம்பிக்கு மேல் காய்ந்துகொண்டிருந்த துணிகள்கூட நினைவிருக்கின்றன. அவன் சொன்னது மட்டும் நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. சொல்லியிருப்பான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை என்று நாற்பத்தைந்து வயதில் கண்டுபிடித்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். “எல்லாத்துக்கும் சேத்து ஒரே மன்னிப்பா? இது ரொம்பச் சீப்பா இருக்கே” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. அவன் ஏதோ கம்ப்ரெஸரை மாட்டிக்கொண்டிருந்தான். டார்ச்சைப் பிடிக்கச் சொன்னான். அரை மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புகாரைத் திரும்பப் பெற எழுதிவிட்டேன். நீ ஒப்புக்கொண்ட பிழையை அதில் சேர்க்கவில்லை. அப்பாவுக்கு அந்த வரி வேண்டியிருந்தது. நீ இல்லாவிட்டால் வேறு யாரிடமாவது எழுதி வாங்கியிருப்பார்.

நீ செய்தது சரி. நூறு முறை யோசித்துப் பார்த்தும் சரி என்றுதான் வருகிறது. ஆனால் அந்த மாதங்களில் நான்கு முறை என் வீட்டில் சாப்பிட்டாய். நான்கு முறையும் உன் தட்டில் சோறு போட்டுக்கொண்டே அவனைத் திட்டித் தீர்த்தேன். நீ தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உன் முகத்தைப் பார்த்தால் அந்த நான்கு நாளும் நான் பேசியது என் காதிலேயே விழுகிறது. அது அடங்க நாளாகும். அதுவரை நீ வர வேண்டாம், எழுதவும் வேண்டாம். எத்தனை நாள் என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

தம்பி ஞாயிற்றுக்கிழமை சாமான்களோடு வருகிறான். என்னையும் இங்கேயே இருக்கச் சொல்கிறான். ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எந்த அறை வேண்டும் என்று கேட்டேன், அம்மாவின் அறை என்றான். நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. போய் ஜன்னலைத் திறந்து விட வேண்டும்.

இப்படிக்கு,
சோடாபுட்டி