கர்னல் மாற்றிய வாரம்

21, திங்கள்.

காலையிலிருந்து மழை. கிருமாம்பாக்கம் ஸ்டாப்பில் இறங்கி கேபிள் ரூமுக்குள் போவதற்குள் முழங்கால் வரை சேறு.

நேற்றைய இடியில் போனது: டிவிக்குப் படம் அனுப்புகிற கார்டு. லோக்கல் சேனல் இருட்டு. மற்ற சேனல் எல்லாம் வருகிறது. சீரியலுக்கு ஒரு குறையும் இல்லை. நம்முடையது மட்டும், பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவிப்பு, ஏழு மணிக்கு நான் வாசிக்கிற ஊர்ச் செய்தி, எல்லாம் போச்சு.

பாஸ்கர் அண்ணன் (பா.அ.) கடலூர் போய் புதுக் கார்டு வாங்கி வந்துவிட்டார். முதலாளி அல்லவா, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. செருகினேன். நம்ம கம்ப்யூட்டரில் ஓடுகிற பழைய லினக்ஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னா நித்யா, புதுசு, பொட்டி பிரிக்காதது."

"கார்டு புதுசுதாண்ணா. கர்னல் பழசு."

"கர்னலுன்னா இன்னா?"

"உள்ள இருக்கிற மேஸ்திரி. டிஸ்க்கு, கார்டு எல்லாம் அவர் சொன்னாதான் வேல செய்யும். நம்ம மேஸ்திரிக்கு இந்தக் கார்ட தெரியாது."

"அப்ப மேஸ்திரிய மாத்து. இதுக்குப் போயி."

மாத்து. வாயால் சொல்வது சுலபம். முழு சிஸ்டத்தையும் புதிதாகப் போட முடியாது. திரைக்கு அடியில் எழுத்து ஓட்டுகிற ஸ்க்ரோல் சாப்ட்வேரை எழுதிக் கொடுத்தவன் கனடா போய்விட்டான், அது இந்தப் பழைய சிஸ்டத்தைத் தவிர எதிலும் ஓடாது. போன வருஷமே முட்டிப் பார்த்தாச்சு. ஆக, பழைய வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு கர்னலை மட்டும் இங்கேயே கம்பைல் பண்ணணும், அதன் புரோகிராம் வரிகளிலிருந்து இந்த மெஷினுக்கென்று கட்டி எடுக்கணும்.

குடை பஸ்ஸில் போச்சு.

22, செவ்வாய்.

தூறல். இன்றைய சண்டைகள்:

- கர்னல் டவுன்லோட். போன் ஹாட்ஸ்பாட். இரண்டு தடவை அறுந்தது.
- புதுக் கர்னலுக்கு நம்ம கம்பைலர் ரொம்பப் பழசாம். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது.
- கம்பைலரைப் புதுசாக்கினால் அதற்கு வேண்டிய லைப்ரரி ஃபைல்கள் போதாது. லைப்ரரியில் கை வைத்தால் ஸ்க்ரோல் படுத்துவிடும்.
- மதியச் சாப்பாடு மறந்தது.

கடைசியில் ஒரு நடுவயசுக் கர்னல் பிடித்தேன். நம்ம கம்பைலரையும் சகித்துக்கொள்ளும், கார்டையும் தெரியும். மறுபடி டவுன்லோட்.

சாயங்காலம் டை கட்டிய ஒரு ஆள். டிவியில் மிக்சி, புடவை விற்கிற கம்பெனி. நம்ம சேனல் இடத்தை வாடகைக்குக் கேட்கிறான். பா.அ. அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். போன பிறகு என்னிடம்:

"சேனல் போயி ஒருத்தனாவது போன் பண்ணி கேட்டானா, ஏன் வரலன்னு?"

போன் வந்தது. பாகூரில் ஒருவருக்கு சீரியலில் சத்தம் கம்மி, இன்னொருவருக்கு கிரிக்கெட்டில் புள்ளி புள்ளி. நம்மைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"சனிக்கெழம வரைக்கும் பாக்கறேன். அப்பறம் அந்த ஆளுக்கு கையெழுத்துப் போட்டுடுவேன். நீ வருத்தப்படாத."

சேனல் போனால் என் வேலையும் போகும். மறுபடி மூலக்குளம் துணிக்கடை, பில்லிங் கவுண்டர், நாள் முழுக்க நின்ற கால். முடியாது. செத்தாலும் முடியாது.

23, புதன்.

கம்பைலுக்கு முன்னால் கேள்விகள். மேஸ்திரிக்கு எந்தெந்தச் சாமான் தெரியணும், இது வேணுமா, அது வேணுமா. நூற்றுக்கணக்கில். ஹாம் ரேடியோ வேணுமா? உலகத்தில் எவன் வீட்டிலோ இருக்கிற ஏதோ ஜாய்ஸ்டிக் வேணுமா? முதலில் படித்துப் பார்த்துப் பதில் சொன்னேன். அப்புறம் பாதி படித்து. அப்புறம் என்டரை அமுக்கிப் பிடித்துக்கொண்டேன், ஓடட்டும் சனியன் என்று.

ஆரம்பித்தது. வரி வரியாக ஓடுவதைப் பார்க்க நிம்மதி. பதினைந்து நிமிஷத்தில் கரன்ட் கட். யூபிஎஸ் ஒரு கீச்சு, அதோடு சரி.

கரியமாணிக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். வயலில் இருந்து நேராக வந்த கால். அப்பா தவறிவிட்டாராம்.

"நாளைக்கு மதியம் எடுக்கறோம்மா. டிவில போட்டுடு."

"சேனல் வரலைங்க. ரிப்பேர்."

அவர் கறுப்புத் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப ஏம்பலத்து ஜனத்துக்கு யாரு சொல்றது?" என்று அவருக்கே சொல்லிக்கொண்டு, மைக் கட்டின ஆட்டோ எங்கே கிடைக்கும் என்று கேட்டுப் போனார்.

பா.அ.விடம் சொன்னேன், பாருங்கண்ணா, தேவை இருக்கு என்று. "குடுக்க வராங்க, சரி. பாக்க யாரு வராங்க?" என்றார். மனுஷன் வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

24, வியாழன்.

மழை விட்டது, புழுக்கம். கம்பைல் நல்லா ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் நின்றது. டிஸ்கில் இடம் இல்லை.

எப்படி இருக்கும்? ஊர் வீடியோ முழுக்க இதில்தான். எதை அழிப்பது என்று பா.அ.வோடு அரை நாள் வாக்குவாதம்.

"அது எங்க பாப்பா மஞ்சத்தண்ணி ஃபங்ஷன். கை வெச்ச, அவ்ளோதான்."

"கும்பாபிஷேகம்?"

"சாமி கண்ண குத்தும்."

"கிரிக்கெட் டோர்னமெண்ட்?"

"நான் ஜெயிச்ச வருசமா, தோத்த வருசமா?"

தோத்த வருஷத்தை அழித்தோம். மறுபடி ஓட்டம். ஃபேனை பெட்டிக்குத் திருப்பி வைத்துவிட்டு நான் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நம்மைக் கேட்டு போன் இன்றும் இல்லை.

25, வெள்ளி.

முடிந்தது! முழுசாக முடிந்தது. கம்ப்யூட்டரைப் புதுக் கர்னலில் பூட் பண்ணினேன்.

எழுத்து ஓடி, நின்று, பேனிக், அதாவது மேஸ்திரி கையை விரித்துவிட்டார். டிஸ்கையே தெரியவில்லையாம். டிஸ்க் மேலேதான் உட்கார்ந்திருக்கிறது, டிஸ்க் எங்கே என்கிறது.

தேடினேன். புதன்கிழமை என்டரை அமுக்கிப் பிடித்தபோது டிஸ்கை அடையாளம் காட்டுகிற டிரைவருக்கும் வேண்டாம் சொல்லியிருக்கிறேன். கார்டு டிரைவருக்கும் வேண்டாம். எந்தக் கார்டுக்காக இத்தனை பாடோ, அதற்கே. என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

பின்னால் கேபிள் சுருள் அடுக்கின இடத்தில் போய் அழுதேன். கொஞ்சம்தான். முகம் கழுவிக்கொண்டு, பழைய கர்னலில் பூட் பண்ணி, கேள்விகளை முதலிலிருந்து. இந்தத் தடவை ஒவ்வொன்றாகப் படித்து. ஜாய்ஸ்டிக் உட்பட.

கம்பைலை ஓட விட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா: "மூஞ்சி ஏன் இப்டி கீது?" ஒன்றுமில்லை.

26, சனி.

வெயில். போனதும் பூட்.

கறுப்பு. எழுத்து ஓடியது. ஓடியது. நிற்கவில்லை. கார்டின் பேரைச் சொன்னது! மூலை டிவியில் நீலத் திரை, அடியில் நம்ம ஸ்க்ரோல். நான் கத்தியதில் பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

ஒரு வரி அடித்து ஓட விட்டேன்: "இதைப் பார்ப்பவர்கள் கேபிள் ரூமுக்கு போன் செய்யவும்." மைக்கிலும் சொன்னேன். வணக்கம், நித்யா பேசுகிறேன், சேனல் வந்துவிட்டது.

டை ஆள் வந்து உட்கார்ந்தான். பேப்பரை எடுத்து மேஜையில் வைத்தான். பா.அ. பேனா தேடினார். போன் சும்மா கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு நான்.

அடித்தது. பாகூரிலிருந்து ஒரு அம்மா.

"நித்யாவா? எப்பம்மா வந்த?"

"நான் எங்கங்க போனேன்?"

"உனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சி, அதான் சேனல நிறுத்திட்டாங்கன்னு நெனச்சிக்கினோம். நல்லா கீறியா?"

வைப்பதற்குள் அடுத்தது. ஒரு பெரியவர்: "மாப்ள எந்த ஊரும்மா?" அடுத்தது: "வேலைக்கு அனுப்பறாரா? நல்ல மனுசந்தான்." அடுத்தது, அடுத்தது. ஒருவரை ஒருவருக்குத் தெரியாது, எல்லாருக்கும் ஒரே முடிவு.

ஒருத்தியிடம் கேட்டேவிட்டேன். "யாருங்க சொன்னாங்க எனக்குக் கல்யாணம்னு?"

"யாரும் சொல்லல. பொண்ணு கொரலு திடீர்னு நின்னு போனா வேற இன்னா?"

"ஒரு போன் பண்ணி கேட்டிருக்கலாமில்ல?"

"நல்ல காரியம். அதுல போயி இன்னாத்த கேக்கறது?"

பா.அ. பேனாவை மூடினார். "அப்பறம் பாக்கலாம் சார்," என்றார் டை ஆளிடம். "நம்ம சேனலுக்கு ஜனம் நெறைய கீது." காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

சேனல் பிழைத்தது, வேலை பிழைத்தது. சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வயிறு எரிகிறது. நான் இங்கே கரன்ட்டோடும் டிஸ்கோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இவர்கள் எனக்குத் தாலி கட்டி அனுப்பிவைத்துவிட்டு சீரியல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஸ்க்ரோலில் அடித்தேன்: "நித்யாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கம்ப்யூட்டர்தான் ரிப்பேர்."

"ஏய், எடு எடு. ஊரே சிரிக்கும்."

"ஓடட்டும்ணா."

உடனே போன். புதுக் குரல், ஒரு அம்மா, ரொம்ப அக்கறையாக:

"அப்ப ஜாதகம் கைல கீதாம்மா?"