பூவரசடியில் நான் புதைத்தது

கஸ்தூரிக்கா, அம்மாவுக்கு முன்னால் எனக்குச் சோறு ஊட்டியவளே,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் பவித்ரா பிழைத்துக்கொண்டாள். நேற்று இரண்டு இட்லி தின்றாள், சட்னி காரம் என்று நர்ஸம்மாவிடம் சண்டையும் போட்டாள். இனி நான் எழுதப்போவது எல்லாம் வயிற்றெரிச்சல்தான். ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். உன் வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருந்தார், நான்தான் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன். மூன்று நாளாக இன்சுலின் ஏறவே இல்லை என்று டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். போட்டுக்கொண்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, மருந்தைக் கொல்லையில் ஊற்றியிருக்கிறாள் உன் பெண்.

கண் விழித்ததும் கேட்டேன், "ஏம்மா இப்படிப் பண்ணே?"

"எங்கம்மா என்னைப் பெத்ததும் என் நஞ்சுக்கொடியை ஆஸ்பத்திரில வித்துட்டாளாமே மாமா? அதனாலதான் எனக்கு இந்த நோவாமே? அப்ப ஊசி போட்டா மட்டும் இன்னா ஆவப்போது?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை கேட்கிற கேள்வியா இது? யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. உன் மாமியாரைத் தவிர வேறு யார்? நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் அந்தப் பொம்பளையின் வாய் ஓயவில்லை.

பவி பிறந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? நம் வழக்கப்படி நஞ்சுக்கொடியைப் புதைக்கவேண்டியவன் தாய்மாமன். புதுச் சட்டியும் மஞ்சளுமாக நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தேன். நீ உள்ளே கூப்பிட்டு, "டாக்டருங்க ஆராய்ச்சிக்குக் கேட்டாங்கடா. ஏழாம் மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சில்ல, அதனால நம்மளுது வேணுமாம். நாலு பிள்ளைங்களுக்கு நல்லதுன்னா எடுத்துக்கோங்கன்னு கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாய். ஒரு பைசா வாங்கவில்லை நீ. கேட்கக்கூட உனக்குத் தோன்றியிருக்காது.

எனக்கு உன் மாமியார் என்றால் பயம். வெறுங்கையோடு போய் என்ன சொல்வது? தோளில் கிடந்த பச்சைக் கரைத் துண்டைச் சுருட்டிச் சட்டிக்குள் வைத்தேன், மஞ்சளைக் கொட்டினேன், வாயைக் கட்டினேன். நம் ஊர் தோணிரேவில், ஏரிக்கரைப் பூவரசடியில் எல்லாரும் பார்க்கக் குழி தோண்டிப் புதைத்தேன். உன் மாமியார் எனக்குப் பாயசம் கொடுத்தாள். நானும் கூச்சமில்லாமல் குடித்தேன்.

ஆறு வயதில் பவிக்குச் சர்க்கரை வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. கணையம் இன்சுலின் சுரக்கவில்லை, ஆயுசுக்கும் ஊசி என்றார்கள். அன்றைக்கே உன் மாமியார் ஆரம்பித்தாள்: "மாமங்காரன் ஆழமாப் பொதச்சானோ இல்லையோ. நாயி கிளறியிருந்தா கொழந்தைக்கு ஆவாது. தோண்டிப் பாத்தாத்தான் தெரியும்."

தோண்டினார்கள். பாதிக் குப்பம் சுற்றி நின்றது. சட்டிக்குள் மக்கிப்போன துணியும் பச்சைக் கரையும். எல்லார் தோளிலும் கிடக்கிற துண்டுதானே, யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

"எங்கடி எம் பேத்தியோட கொடி?"

நீ ஒரே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ஏரியைப் பார்த்தேன். அப்புறம் நீ சொன்னாய், "நான்தான் ஆஸ்பத்திரிக்குக் குடுத்தேன். சட்டியைக் கட்டினதும் நான்தான். தம்பிக்கு ஒண்ணும் தெரியாது."

ஏன்க்கா அப்படிச் சொன்னாய்? உன்னை யார் கேட்டார்கள்? என் கன்னத்தில் நாலு அறை விட்டு, "வாயைத் திறந்து சொல்லுடா" என்று கேட்டிருக்கக்கூடாதா? இன்றுவரை எனக்கு உன்மேல் ஆத்திரம் தீரவில்லை. என்மேல் இருக்கிற ஆத்திரத்தைத் தாங்க முடியாமல்தான் உன்மேல் காட்டுகிறேன் என்பதும் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு உன்னை ஒரு வளைகாப்புக்குக் கூப்பிட்டார்களா? பிறந்த குழந்தையை உன் கையில் கொடுத்தார்களா? நீ மஞ்சள் காமாலையில் கிடந்தபோது எட்டிப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். கொடுத்தேன் என்று நீ சொன்னதை விற்றாள் என்று ஊர் திரித்தது; பெற்ற பிள்ளையின் கொடியை விற்றவள் என்ற பேரோடு போய்ச் சேர்ந்தாய்.

இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் அந்த ஆராய்ச்சி டாக்டர்களைத் தேடினேன். அன்றைக்கு உன்னிடம் கையெழுத்து வாங்கியவர் இல்லை, அந்த இடத்தில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கொடியைக் கொடுத்ததால்தான் பிள்ளைக்கு நோய் வந்ததா என்று கேட்டேன்.

"பிறந்ததுக்கப்புறம் நஞ்சுக்கொடிக்கும் குழந்தைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைங்க. புதைச்சாலும், எங்ககிட்டக் குடுத்தாலும் ஒண்ணுதான்" என்றார். பிறகு நிதானமாக விளக்கினார். பிள்ளையின் கணையம் தாய் வயிற்றில் இருக்கும்போதே வளரத் தொடங்குகிறதாம். தாய்க்குக் காய்ச்சலோ கிருமியோ வந்தால் நஞ்சுக்கொடியின் செல்களில் அழற்சி வரலாமாம். அதாவது உடம்பு கிருமியோடு சண்டை போடுகிறபோது அந்த இடம் புண்ணாகி வீங்குவது. அது பிள்ளையின் கணைய வளர்ச்சியைப் பாதிக்கிறதா என்று தேடுகிறார்களாம்.

"அப்ப பவிக்கு அதனாலதானா?"

"தெரியாதுங்க. இந்த ஒரு குழந்தைக்கு இதுதான் காரணம்னு சொல்ல முடியாது. ஆனா உங்க அக்கா தப்பு ஒண்ணும் பண்ணலை. அதை மட்டும் உறுதியாச் சொல்லுவேன்."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "கையெழுத்து வாங்கத் தெரிஞ்சுதே, ஒரு நாளாவது ஊருக்கு வந்து இதைச் சொன்னீங்களா? உங்களுக்குக் குடுத்ததுக்கு எங்கக்கா இன்னா பாடு பட்டா தெரியுமா?" என்று கத்தினேன். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. துண்டு, சட்டி, பூவரசு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்து என்னை உட்கார வைத்தார். "வந்திருக்கணும். எங்க மேல தப்புதான்" என்றார். பிறகு மெதுவாக, "அந்தத் துண்டு உங்களுதுன்னு ஊர்ல நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். வேறென்ன செய்வேன்? மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், அக்கா. மூக்கைச் சிந்தத் தோளில் துண்டைத் தேடினேன். சட்டியைத் தோண்டின நாளுக்குப் பிறகு நான் துண்டு போடுவதே இல்லை.

அழுது முடித்துவிட்டு வார்டுக்குப் போய்ப் பவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையில் கிடந்த பிளாஸ்டரைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தத் துண்டு உன்னுதா?"

"ஆமாம்மா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் உன்னைக் காட்டிக்கொடுக்கலையா?"

"இல்லைம்மா" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்துக்கு நர்ஸ் ஊசியோடு வந்தார். பவி எழுந்து, "குடுங்க, நானே போட்டுக்கறேன்" என்று வாங்கி வயிற்றில் குத்திக்கொண்டாள், உன்னைப் போலவே உதட்டைக் கடித்துக்கொண்டு. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "ஊர்ல சொல்லு மாமா. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசு."

இந்த நிமிஷம்வரை என்னோடு பேசவில்லை. ஆனால் ஊசியை ஒரு வேளையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூட்டச் சொல்லி ஊர்த் தலைவரிடம் கேட்டுவிட்டேன், அந்தப் பூவரசடியிலேயே. டாக்டரம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார். அவர் வாய் திறப்பதற்கு முன்னால் நான் திறப்பேன். அன்றைக்கு நீ நின்ற இடத்தில் நிற்பேன், உன் மாமியார் எதிரே நிற்பேன், தோளில் பச்சைக் கரைத் துண்டு போட்டுக்கொண்டு நிற்பேன். இந்தத் தடவை ஏரியைப் பார்க்க மாட்டேன், அக்கா.

உன் தம்பி,
பவித்ரா இன்னும் பேசாத அவளுடைய தாய்மாமன்,
தேசிங்கு