அரக்கன் வயிற்றில் ஒரு பாதை

அன்புள்ள குட்டிம்மா,

நானும் அம்மாவும் இங்கே நலம். உன் இருமல் விட்டதா? பதிலில் அதை முதல் வரியாக எழுது.

விளையாட்டு மைதான வேலை எதுவரை வந்தது என்று கேட்டிருந்தாய். குழந்தைக் கதைகளிலிருந்து எடுத்த மைதானம், நான் வரைந்ததிலேயே பெரியது. ஏழு மலையும் மண்மேடாக எழுந்துவிட்டன. ஏழு கடலுக்கும் மணல் கொட்டியாகிவிட்டது. அவற்றைத் தாண்டினால் அரக்கன், மல்லாந்து படுத்திருக்கிறான். வாய் வழியாக நுழைந்து, இருட்டு வயிற்றில் தவழ்ந்து, கால் வழியாகச் சறுக்கி வெளியே வரவேண்டும். வரைபடத்தைப் பார்த்த அம்மா, வயித்துக்கு மாடல் தேடி நீங்க வெளியே எங்கயும் போகலையே என்றாள். பாதுகாப்புப் பொறியாளர்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த இருட்டுக்குள்ள எந்தப் பிள்ளை சார் போகும்? வாயை அடைச்சிடுங்க, வெறும் சிலையா இருக்கட்டும்." கொஞ்சம்கூடப் பயமில்லாத கதையை எந்தக் குழந்தையும் இரண்டாம் தடவை கேட்காது என்றேன். ஒரு காலை நேரம் பிள்ளைகளை விட்டுப் பார்ப்போம், ஒருவர்கூட நுழையாவிட்டால் அடைத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை ஒட்டுப்பலகையில் முழு அளவு அரக்கன். இருபது பிள்ளைகள். வாய்வரை ஓடுவார்கள். எட்டிப் பார்ப்பார்கள். திரும்பிவிடுவார்கள். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. முன்பல் விழுந்த ஒரு சிறுமி, ஆணி அடித்துக்கொண்டிருந்த தச்சரிடம் போனாள். "இவன் பசியோட இருக்கானா, சாப்பிட்டு முடிச்சிட்டானா?" எட்டு மாதமாக வரைகிறேன், இதை நான் யோசிக்கவே இல்லை. தச்சர் நிமிரவில்லை. "இப்பத்தான் சாப்பிட்டான். உண்ட மயக்கம், படுத்துட்டான்." அவள் தலையாட்டிவிட்டு நுழைந்தாள். பிறகு உள்ளிருந்து, "இடம் நிறைய இருக்கு, வாங்கடி." அப்புறம் பிள்ளைகள் வரிசை கட்டி நின்றார்கள். பொறியாளரும் ஒரு தடவை தவழ்ந்து போய்வந்தார். அளவெடுக்கப் போனாராம். டேப் வெளியே கிடந்தது.

பொறியாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். உருட்டி விழித்த கண்களை அழித்து இமை வரைந்தேன். அடுத்த வாரம் கான்கிரீட் போடுகிறார்கள். வாய் திறந்தே இருக்கும். அதை இன்னும் ஒரு சாண் கூட்டி அகலமாக்கியும் இருக்கிறேன். அழும் பிள்ளையைத் தூக்கப் பெரியவர்கள் நுழைய வேண்டும் என்று கோப்பில் காரணம் எழுதினேன். அளவு மட்டும் வளர்ந்துவிட்ட உன்னுடையது.

குறையொன்றும் இல்லாமல் இரு. விடுமுறைக்கு வரும்போது பழைய பேன்ட் ஒன்று எடுத்து வா. உள்ளே முட்டி தேய்கிறது.

உன் அப்பா