ஓவனுக்கு அம்மா காவல் இருந்த கதை

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே எங்கள் மூவருக்கும் உடம்புக்குக் குறையில்லை, என் முழங்கால் மட்டும் வழக்கம்போல முணுமுணுக்கிறது. அந்தக் குளிரில் உன் இருமலும் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிட்டால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறாள், அவளைப் பற்றி அவளை வைத்துக்கொண்டே எப்படிப் பேசுவது, அதனால்தான் கடிதம். வருடக் கடைசி விடுமுறை விருந்துக்கு அக்கா அந்த லிப்ட் மெக்கானிக்கை அழைத்து வரப்போவதாகச் சொன்னது உனக்குத் தெரியும். அதற்கு அம்மா என்ன சொன்னாள் என்பது தெரியாது. "ஒரு கல்யாணம் பண்ணி அவ பட்டது போதும், அந்த ஆளுக்கு நான் சமைக்கவும் மாட்டேன், முகம் கொடுக்கவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, விருந்தன்று தனக்குத் தலைவலி வரும் என்று முன்கூட்டியே அறிவித்தாள். அக்கா சண்டை போடவில்லை. என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டு, "அம்மா ரூமை விட்டு வந்து அவரோட உக்காந்து சாப்பிடலைன்னா நான் இந்தக் கல்யாணப் பேச்சை இத்தோட விட்டுடறேன்ப்பா, அம்மாவை அழவெச்சுட்டு எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றாள். அவள் மறுபடி சிரிக்க ஆரம்பித்ததே இப்போதுதான். அம்மாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். சொன்னேனே தவிர, அறை வாசல் வரை போவதும் கண்ணாடியைத் தேடுகிறவன்போலத் திரும்பி வருவதுமாக இருந்தேன். உனக்கு என்னைத் தெரியும்.

கோழியை அக்கா கடையில் சொல்லிவிட்டாள். கூட வைக்க, அம்மா வருடா வருடம் சீஸ் போட்டு ஓவனில் வேகவைப்பாளே அந்த உருளைக்கிழங்கு, அதை நான் செய்கிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். பேசத்தான் துணிவில்லை, இதையாவது செய்வோம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. விருந்தன்று கிழங்கை வட்ட வட்டமாக நறுக்கி, எல்லாம் ஒரே தடிமனா என்று அடுக்கிப் பார்த்து, பொருந்தாததை மறுபடி சீவினேன். வெண்ணெயில் மாவை வறுத்துப் பால் விட்டதில் கட்டி தட்டியது, டீ வடிகட்டியில் வடித்தேன். கிழங்கு, வெங்காயம், அந்தப் பால், மிளகுத்தூள் என்று அடுக்கடுக்காகப் போட்டு, மேலே துருவிய சீஸைத் தூவிக் கண்ணாடிப் பாத்திரத்தை ஓவனில் வைத்தேன். இதுவரை சரி. அதற்குப் பிறகுதான் சும்மா இருக்க முடியவில்லை. கருகிவிடுமோ என்று கதவைத் திறந்து பார்த்தேன். கருகவில்லை. மூடிவிட்டு, வேகிறதோ இல்லையோ என்று மறுபடி திறந்து பல்குச்சியால் குத்தினேன், கல்போல் இருந்தது. பயம் அதிகமாகி இன்னும் அடிக்கடி திறந்தேன். உள்ளே இருக்கும் சூட்டை நானேதான் வெளியே விட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது இவ்வளவு படித்த எனக்கு உறைக்கவே இல்லை. அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் கிறீச்சிடுமா, அறைக்குள் படுத்திருந்த அம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து வந்து, "அது என்ன கைக்குழந்தையா, மூச்சு விடுதான்னு நிமிஷத்துக்கு ஒரு தடவை பாக்க? இப்படித் திறந்துக்கிட்டே இருந்தா அடுத்த வருஷம்தான் வேகும்" என்றாள். ஒரு நாற்காலியை இழுத்து ஓவனுக்கு முன்னால் போட்டு அதில் உட்கார்ந்தும்விட்டாள். இனி நான் கதவைத் தொட வேண்டுமானால் அவளைத் தாண்டித்தான் தொட வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது. அவரை அழைத்துவரப் போயிருந்த அக்கா அவரோடு வந்துவிட்டாள். அவர் பழப் பையை வைக்கச் சமையலறைக்குள் நுழைந்தார், எதிரே அம்மா. எழுந்து போனால் நான் கதவைத் திறந்துவிடுவேன் என்று அவளால் எழவும் முடியவில்லை, அதே அறையில் ஒரு மனிதரை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது. கிழங்கு வேக இன்னும் வெகுநேரம் இருந்தது, எல்லோருக்கும் பசி. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் சும்மா இருந்தார். அது எனக்குப் பிடித்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மா போலீஸ்காரர் மாதிரி, "லிப்ட் நடுவுல நின்னு உள்ள ஆள் மாட்டிக்கிட்டா முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். "முதல்ல பேச்சு கொடுப்பேம்மா" என்றார் அவர். "எத்தனை பேர், யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு கேப்பேன். பயந்தவங்க தாங்களே கதவை நெம்பப் பாப்பாங்க, அதுதான் ஆபத்து." அம்மா விடவில்லை. "பேசியும் பயம் போகலைன்னா?" என்றாள். அவர் யோசித்துவிட்டு, "போகலைன்னா போகலை, வேலை முடியிற வரைக்கும் நான் இங்கயேதான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருப்பேன்" என்றார். அக்கா திரும்பி நின்று கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா அதையும் பார்த்தாள்.

கடைசியில் அவளேதான் ஓவனைத் திறந்தாள். மேல் சீஸ் நன்றாகச் சிவந்திருந்தது. எல்லோருக்கும் அவளே பரிமாறிவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். நடுப்பகுதியில் கிழங்கு இன்னும் நறுக்கென்றது. அவர் மென்றுகொண்டே பிரமாதம் என்றார். "இந்த வீட்டுல மாமனாரைக் காக்கா பிடிக்கிறவங்களுக்கு ரெண்டாம் தடவை போட மாட்டேன்" என்றாள் அம்மா. 'மாமனார்' என்று தன் வாயில் வந்துவிட்டதை அவள் கவனித்தாளோ என்னவோ, அக்காவின் கரண்டி அப்படியே நின்றது. அவர், "நடுவுல வேகலைம்மா" என்று ஒப்புக்கொண்டார். அம்மா சிரித்துவிட்டாள். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன், நிமிர்ந்தால் ஏதாவது கெட்டுப்போகுமோ என்று பயம்.

அவரும் அவரை வழியனுப்ப அக்காவும் போன பிறகு அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "அடுத்த தடவை கிழங்கை அந்தத் தம்பி நறுக்கட்டும், நீங்க சமையல்கட்டுப் பக்கமே வராதீங்க" என்றாள். நான் மறுவார்த்தை பேசாமல் பால்கனிக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்தேன். அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். அவள், "அடுத்த தடவைன்னாங்களா? அதே வார்த்தையாப்பா?" என்று கேட்டாள். அதே வார்த்தைதான் என்றேன்.

நீ அம்மாவிடம் இதைப் பற்றி எதுவும் கேட்டுவிடாதே, அவளாகச் சொல்லட்டும். அக்காவிடம் மட்டும் இந்த வாரமே பேசு. காதை மூடிக்கொண்டு வெளியே போ, வேளைக்குச் சாப்பிடு. நீ எடுத்த காரியமெல்லாம் நல்லபடி முடிந்து, நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

உன் நலமே எண்ணும்,
அப்பா