நண்டுமேல் போட்ட பழி

அண்ணே,

நேற்று நம் இரண்டு வயலுக்கும் நடுவிலுள்ள வரப்பில் ஒரு நண்டு வளையைப் பார்த்தேன். நிஜமான வளை. வாசலில் உருண்டை உருண்டையாக ஈரச் சேறு. நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது, நண்டு வளையைக் கண்டால் எனக்கு இன்னும் கால் நகர மாட்டேன் என்கிறது.

உங்கள்மேல் கோபம் இருந்ததை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு நடவுக்கு முன்பும் வரப்பைச் செதுக்குகிறேன் என்று மண்வெட்டியோடு வருவீர்கள். புல்லும் போகும், கூடவே வரப்பில் இரண்டு விரல் அகலமும் போகும். எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒதுங்கிப் போன வரப்பு, ஒற்றை ஆளே தடுமாறும்படி ஆனது. "தம்பி, ஒரு வெத்தல போடுறியா?" என்று கேட்டபடியே என் மண்ணை உங்கள் பக்கம் இழுத்துப் போடுவீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வெற்றிலையை வாங்கி மென்றுகொண்டு நிற்பேன். "போதும்ண்ணே, இதுக்கு மேல வெட்டாதீங்க" என்று ஒருநாளும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கத்துவேன். "என்கிட்ட ஏன் கத்துறீங்க? வாயத் தொறந்து அவர்கிட்ட சொல்லுங்க" என்பாள். சொல்லவில்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு புரட்டாசியில் வரப்பை ஒட்டி நாற்றங்கால் விட்டிருந்தீர்கள். விதை தெளித்து மூன்றாம் நாள். மழை பெய்து, மேட்டிலிருந்த என் வயலில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நீங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனதும் ஒரு மூங்கில் கழியால் வரப்பின் அடியைக் குத்தித் துளைத்தேன். நண்டு தள்ளியதுபோல் இருக்கட்டும் என்று சேற்றை உருட்டி உருட்டி ஓரத்தில் வைத்தேன். பிறகு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

என் வயல் தண்ணீர் நாற்றங்காலில் புகுந்து முளை அத்தனையும் அழுகிப்போயிற்று. நாற்றுக்காகத் திருத்துறைப்பூண்டி வரைக்கும் அலைந்தீர்கள். ஊரிலேயே கடைசி நடவு உங்களுடையதுதான். அதற்கு நடுவில் ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். சண்டைக்குத்தான் வருகிறீர்கள் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். நீங்களோ துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "தப்பு என்மேலதான் தம்பி. ஆசப்பட்டு வரப்ப மெலிசாக்கிட்டேன். அதான் நண்டு சுளுவா தொளச்சிடுச்சு. மனசுல வச்சுக்காத" என்றீர்கள்.

நான் என்ன சொன்னேன்? "பரவாயில்லண்ணே" என்றேன்.

பாவி, மன்னித்துவேறு விட்டேன்! மறுநாளே நீங்கள் சேறு அள்ளிப் பூசி வரப்பைப் பழையபடி அகலமாக்கினீர்கள். அப்புறம் ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்து வயலில் நின்றோம். நீங்கள் வெட்டியது உங்கள் குற்றம், அதை ஒப்புக்கொண்டு முடித்துவிட்டீர்கள். என்னுடையது வாய்க்குள்ளேயே கிடந்தது. உங்களைத் தூக்கிப் போன அன்றும், தோள் கொடுத்தபடி, இப்போதாவது சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். யாரிடம் சொல்ல?

இன்று காலை உங்கள் மகன் அதே வரப்பில் மண்வெட்டியோடு நின்றான். சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து முதல் சாகுபடி. உங்கள் கைதான், கொஞ்சம் உள்ளே தள்ளியே வெட்டினான். பக்கத்தில் போய், "தம்பி, வரப்புல கை வைக்காத. இதோட நிறுத்திக்க" என்றேன். அவ்வளவுதான். இத்தனை சின்ன வாக்கியம்! அவனும் உடனே நிறுத்தினான். "மன்னிச்சுக்குங்க சித்தப்பா. அப்பாகூட சொல்வாரு, நண்டு வள விவகாரத்துல ஒரு வார்த்த கடிஞ்சு பேசாம பரவாயில்லன்னு சொன்ன மனுஷன் நீங்கன்னு."

அந்தச் சொல்லை வீடு வரைக்கும் கொண்டுபோய் வைத்திருந்தீர்களா அண்ணே?

"அது நண்டு இல்லப்பா. நான்தான் தொளச்சேன்" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வரப்போடு நடந்து போய்விட்டான். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை.